வரலாற்றுப் பட்டம் எடுக்கலாமா: கலைமாணி முதல் கலாநிதி வரை ஒரு பாவனையாளர் விமர்சனம்

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நாலு வருட வரலாற்றுச் சிறப்புப் பட்டத்தில் முதல் மூன்று வருடத்துக்கு ஐந்தில் இரண்டு நட்சத்திரம், கடைசி வருடத்துக்கு ஐந்துக்கு ஐந்து. முதுகலைமாணிக்கு ஒன்று, அதுவும் இரக்கப்பட்டு. கலாநிதிப் பட்டத்துக்குத் தனியாக நட்சத்திரம் போட முடியாது, ஏனென்றால் அங்கே நீங்கள் வாங்குவது பட்டத்தை இல்லை, ஒரு மேற்பார்வையாளரை. அவர் எப்படியோ உங்கள் அடுத்த சில வருடங்களும் அப்படி.

போனுக்கும் பிரிட்ஜுக்கும் விமர்சனம் எழுதுகிறார்கள், மட்டக்களப்பில் எந்தக் கடைப் புரியாணியில் இறைச்சி குறைந்துவிட்டது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், ஆனால் இருபது வயதில் நாலு வருடத்தைக் கொடுத்து வாங்குகிற பட்டத்தைப் பற்றி ஒரு வரி கிடைக்காது. உயர்தரப் பெறுபேறு வந்து பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூல் கையில் கிடைத்த பிறகுதான் சொந்தக்காரப் பிள்ளைகள் போன் எடுப்பார்கள். இந்த முறை களுதாவளையிலிருந்து மருமகள். "மாமி, ஹிஸ்ட்ரி செய்தா வேல கிடைக்குமா?" கேள்வி நியாயமானதுதான், பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் அவள் கேட்காத கேள்விகள்தான் கூட முக்கியம் என்பதால் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்று. நான் படித்த இடங்களின் பெயரை எழுதப் போவதில்லை. முதல் பட்டம் ஒரு இடத்தில், மேற்படிப்பு வேறு மாகாணத்தில் வேறு இடத்தில். குறை சொல்லும்போது யாரையும் குத்திக் காட்டுகிற எண்ணம் இல்லை, நான் கண்ட குறைகள் நாடு முழுக்க உள்ள கலைப்பீடங்களில் ஏதோ ஒரு அளவில் இருக்கிறவைதான். எங்கள் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாதவர்களுக்கு: மட்டக்களப்பில் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம், 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் முழுப் பல்கலைக்கழகமானது. அம்பாறையில் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம், 1995இல் தொடங்கி அடுத்த வருடமே தரம் உயர்ந்தது. யாழ்ப்பாணமும் பேராதனையும் வேறு. எங்கே இடம் கிடைக்கும் என்பது உங்கள் இசட் புள்ளியையும் (உயர்தரப் பெறுபேற்றில் வருகிற தெரிவுப் புள்ளி) மாவட்டத்தையும் பொறுத்தது, அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை.

சரி, முதல் வருடம். மூன்று பாடம் எடுப்பீர்கள், வரலாறு அதில் ஒன்று, அதோடு ஆங்கிலமும் கணினியும் வந்து ஒட்டிக்கொள்ளும். இந்த வருடத்துப் புள்ளியை வைத்துத்தான் சிறப்புக் கற்கைக்குத் தெரிவு செய்வார்கள், ஆகவே கம்பஸ் வந்த சந்தோசத்தில் முதல் தவணையை நண்பர்களோடும் பாசிக்குடாக் கடற்கரையோடும் கழித்துவிட்டு இரண்டாம் வருடத்தில் படிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு மூன்று வருடப் பொதுப் பட்டம்தான். பொதுப் பட்டம் கேவலம் என்று சொல்ல வரவில்லை, அரச வேலைக்கு விண்ணப்பம் போட அது போதும். ஆனால் வரலாற்றை உண்மையாகச் செய்து பார்க்கிற வாய்ப்பு நாலாம் வருடத்தில்தான் இருக்கிறது, பொதுப் பட்டக்காரர் அந்த வாசலுக்கு முன்பே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

பாடங்கள் என்று பார்த்தால் குறை சொல்ல முடியாது. அனுராதபுரம், பொலன்னறுவை, யாழ்ப்பாண இராச்சியம், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர், சோழர், மொகலாயர், பிரெஞ்சுப் புரட்சி, இரண்டு உலகப் போர், கொஞ்சம் தொல்லியல், கொஞ்சம் வரலாற்றியல். தாளில் பார்க்க நல்லாத்தான் இருக்கும். சொல்லிக் கொடுக்கிற முறையில்தான் பிரச்சினை. நான் படித்த காலத்தில் ஒரு பாடத்துக்கு விரிவுரையாளர் வாசிப்பார், நாங்கள் எழுதுவோம். அவர் கையில் இருந்த தாள் மஞ்சளித்துப் போயிருந்தது. எங்களுக்கு இரண்டு பட்ச் முந்தின அக்காவின் கொப்பியைப் போட்டோக்கொப்பி எடுத்து வைத்திருந்தோம், அவர் வாசிக்க வாசிக்க அதில் விரலை வைத்துக்கொண்டே போகலாம், முற்றுப்புள்ளி கூட மாறாது. ஒருநாள் அவர் ஒரு பக்கத்தைத் தவறிப் புரட்டிவிட்டார், பின்வரிசையில் ஒருத்தி "சேர், இடையில ஒரு பக்கம் இருக்கு" என்று எழும்பிச் சொன்னாள். அவர் கோபிக்கவே இல்லை, நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் வாசித்தார்.

சோதனைக்கு முதல் வாரம் குப்பி. சீனியர் யாராவது விடுதி மண்டபத்தில் நின்று கடந்த ஐந்து வருட வினாத்தாளை வைத்து எது வரும் எது வராது என்று சொல்வார்கள், பெரும்பாலும் சரியாகவே வரும். உண்மையைச் சொன்னால் விளங்காத பாடத்தை எனக்கு விளங்க வைத்தது குப்பிதான். ஆனால் குப்பி உங்களுக்குச் சோதனை எழுதச் சொல்லித் தரும், வரலாறு எழுதச் சொல்லித் தராது.

இதெல்லாம் இருந்தும் நான் விட்டுவிட்டு ஓடாமல் இருந்ததற்கு ஒரு விரிவுரை காரணம். இரண்டாம் வருடம், வரலாற்றியல் பாடம், வேறு ஒரு விரிவுரையாளர். அவர் இரண்டு தாள் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்றில் பாளி வரலாற்று நூலான சூளவம்சத்தில் மாகனைப் பற்றி வருகிற பகுதி, மற்றதில் எங்கள் ஊர் வரலாற்று நூலான மட்டக்களப்பு மான்மியத்தில் மாகோன் வருகிற பகுதி. 1215இல் கலிங்கத்திலிருந்து படையோடு வந்து பொலன்னறுவையைப் பிடித்த அதே ஆள். சூளவம்சத்தில் அவன் தாது கோபங்களை உடைக்கிறான், ஏடுகளை அழிக்கிறான், பிக்குகளைத் துன்புறுத்துகிறான், சனத்தின் சொத்தைப் பிடுங்கித் தன் ஆட்களுக்குக் கொடுக்கிறான். எங்கள் மான்மியத்தில் அவன் கோயில்களுக்கு ஒழுங்கு செய்கிறான், குடிகளுக்கு, அதாவது எங்கள் தாய்வழிக் குலங்களுக்கு, ஊழியம் பிரித்துக் கொடுக்கிறான், சட்டம் வகுக்கிறான். இரண்டையும் வாசித்து முடித்ததும் "இப்ப சொல்லுங்க, மாகன் நல்லவனா கெட்டவனா?" என்று கேட்டார். நாங்கள் மட்டக்களப்புக்காரர் எல்லாரும் ஒரே குரலில் நல்லவன் என்றோம். அவர் சிரித்துவிட்டு, யார் எழுதினது, யாருக்காக எழுதினது, நடந்து எத்தனை காலத்துக்குப் பிறகு எழுதினது, எழுதினவருக்கு அதில் என்ன இலாபம், இந்த நாலையும் இரண்டு தாளுக்கும் எழுதிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். சூளவம்சத்தின் அந்தப் பகுதி ஒரு பிக்கு எழுதினது, விகாரைகள் சொத்திழந்த ஆத்திரம் அதில் இருக்கிறது. மான்மியம் ஏட்டுப் பிரதிகளிலிருந்து எஃப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்து 1962இல் அச்சானது, உள்ளே கோயில் உரிமையும் குடி உரிமையும் பேசுகிற கல்வெட்டுப் பாடல்கள் நிறைய, அதாவது ஒவ்வொரு குடிக்கும் அந்தப் பழைய அரசனின் கையெழுத்து தேவைப்பட்ட இடம் அது. அந்தப் பயிற்சியோடு என் மண்டையில் ஏதோ திறந்தது, அதற்குப் பிறகு எந்தப் பேப்பரையும் பழைய மாதிரி வாசிக்க முடியவில்லை, கலியாண அழைப்பிதழைக்கூட.

இரண்டு நட்சத்திரம் போட்டேனே, அதில் ஒன்றரை இந்த ஒரு விரிவுரைக்கு.

இனி நாலாம் வருடம். ஆய்வுக் கட்டுரை. இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். தலைப்பை நீங்களே தேட வேண்டும், பெரும்பாலான பிள்ளைகள் "மட்டக்களப்பு மாவட்டத்தின் வரலாறு: ஓர் ஆய்வு" என்று ஒரு சமுத்திரத்தைக் கேட்பார்கள், நல்ல மேற்பார்வையாளர் அதைக் குளமாக்கி, குளத்தையும் வாய்க்காலாக்கி விடுவார். எனக்குக் கிடைத்தவர் அப்படிப்பட்டவர். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடும் காணியும் கொடுத்து மருமகனை வீட்டோடு எடுக்கிற வழக்கம், தமிழரிடமும் சோனகரிடமும் இன்றைக்கும் இருக்கிறது, அதன் காணி உறுதிகளைப் பாருங்கள் என்றார். மட்டக்களப்பு முக்குவர் சமூகத்தின் பழைய வழமையான முக்குவர் சட்டத்தில் சொத்து தாய்வழியாகப் போனது, பிரிட்டோ என்பவர் 1876இல் அதைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதினார், அதே 1876இல் வந்த மண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் அந்த வழமையின் சட்ட வலுவை எடுத்துவிட்டது. சட்டம் போன பிறகு வழக்கம் எப்படி சீதன உறுதிக்குள் புகுந்து உயிர் பிழைத்தது என்பதுதான் கேள்வி. நல்ல கேள்வி, ஆனால் பதில் நூலகத்தில் இல்லை, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் றங்குப் பெட்டிகளுக்குள் இருக்கிறது.

குருமண்வெளித் துறையில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி மண்டூர்ப் பக்கம் இறங்கி, மோட்டார் சைக்கிள்களும் நெல்மூட்டையும் ஆட்டுக்குட்டியும் சூழ நின்று, அங்கிருந்து உள்ளூருக்குள் போவேன். ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர். உறுதி பார்க்க வேண்டும் என்றதும் முகம் இறுகிவிட்டது. காணி உறுதி கேட்டு வருகிற படித்த பிள்ளையைக் கண்டால் யாருக்கும் பயம் வரத்தானே செய்யும், வழக்குக்காரரோ, கச்சேரிக்காரரோ, யாருக்குத் தெரியும். "ஆருட மகள் நீ? எந்தக் குடி?" என்றார். அம்மம்மாவின் ஊரையும் குடியையும் சொன்னேன். கொஞ்சம் யோசித்து, அம்மம்மாவின் தமக்கை யாரைக் கட்டினார் என்று கேட்டார், அதையும் சொன்னேன். "இரி மகள்" என்று பாயைப் போட்டு, தேத்தண்ணி வந்து, மறுகா பெட்டி வந்தது. கம்பஸ் கடிதத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பெட்டிக்குள் கற்பூர வாசனையோடு சேலைத் துண்டில் சுற்றிய உறுதிகள். மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிந்து, பின்னால் பழைய காலண்டர்த் தாளை ஒட்டியிருந்தார்கள். காணியின் அளவு ஏக்கரில் இல்லை, விதைப்பு அளவில், இத்தனை அவணம் என்று. நாலு எல்லைக்கும் பெயர்: கிழக்கே வாய்க்கால், மேற்கே இன்னாரின் மகளின் சீதனக் காணி, தெற்கே கோயில் காணி. அந்த எல்லை வரிகளை மட்டும் எழுதி எழுதி ஒரு வட்டையின் (வயல்வெளியின்) வரைபடத்தைக் கீறியபோது தெரிந்தது, பக்கத்துப் பக்கத்துக் காணி எல்லாம் அக்கா தங்கைமாருடையவை. ஆண்களின் பெயர் உறுதியின் தலைப்பில் நிற்கிறது, பெண்களின் பெயர் எல்லைகளில் நிற்கிறது. எந்த நூலிலும் நான் வாசிக்காத விஷயம். இதற்காகத்தான் ஐந்து நட்சத்திரம்.

கிடைக்காத வீடுகளும் நிறைய. பெட்டி இல்லாத வீட்டில் மூன்று பதில்தான் வரும். 78 சூறாவளியோடு போயிட்டு. 90இல் ஓடக்குள்ள விட்டுட்டுப் போனம். சுனாமியில போயிட்டு. கரையோரத்தில் மூன்றாவது, படுவான்கரையில் இரண்டாவது, முதலாவது எல்லா இடமும். அந்தப் பதில்களையும் திகதி போட்டு எழுதி வையுங்கள், ஒரு மாவட்டத்தின் ஆவணங்கள் எப்படி அழிந்தன என்பதும் வரலாறுதான். 90 என்றதும் எங்கள் பக்கத்தில் வந்தாறுமூலை வளாகத்தை நினைக்காதவர்கள் இல்லை. அகதி முகாமாக இருந்த அந்த இடத்திலிருந்து 1990 செப்டம்பர் 5ஆம் திகதி இராணுவம் 158 பேரைக் கொண்டுபோனது, அவர்கள் திரும்பவில்லை. முந்திய காலத்தைப் படிக்கப் போகிற பிள்ளை நடந்து போகிற தரைக்கே இப்படி ஒரு காலம் இருக்கிறது, அதைப் பாடத்திட்டத்தில் தேடாதீர்கள்.

ஒரு நடைமுறை விஷயம், கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், சம்மாந்துறைப் பிள்ளைகளுக்கு. அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதற்கு முந்திய உங்கள் ஊர் ஆவணம் எதுவும் அம்பாறை என்ற பெயரில் இராது, எல்லாம் மட்டக்களப்பு என்ற தலைப்பின் கீழ்தான். அம்பாறை என்று தேடிப் பார்த்துவிட்டு "எங்கட ஊருக்கு ஆவணமே இல்லை" என்று கைவிட்டுத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். கனகரத்தினம் 1921இல் எழுதிய மட்டக்களப்பு மாவட்ட நூலைக் கையில் எடுங்கள், அதில் பாணமை வரைக்கும் இருக்கிறது.

மொழி. இந்தப் பட்டத்தின் மிகப் பெரிய ஏமாற்று இதுதான், விற்கும்போது யாரும் சொல்வதில்லை. வரலாறு படிக்கத் தமிழ் போதும் என்று நம்பி வருகிறோம், பட்டம் எடுக்கப் போதும்தான். ஆய்வு செய்ய ஒல்லாந்தர் காலம் என்றால் 18ஆம் நூற்றாண்டு ஒல்லாந்து மொழி, அதுவும் அந்தக் காலத்துக் கையெழுத்தில். போர்த்துக்கேயர் காலம் என்றால் போர்த்துக்கேயம். பழைய காலம் என்றால் பாளி, பிராமி எழுத்து. எந்தக் காலம் என்றாலும் ஆங்கிலம், கொழும்பில் வேலை பார்க்கச் சிங்களம். இதில் ஒன்றையாவது முதலாம் வருடத்திலேயே பிடியுங்கள், நாலாம் வருடத்தில் தொடங்கினால் வண்டி போய்விடும். மட்டக்களப்பின் ஒல்லாந்தத் தலைவராகப் பத்து வருடம் இருந்த யாக்கோப் பர்னான் 1794இல் தனக்குப் பின் வருகிறவருக்கு எழுதி வைத்த நீண்ட குறிப்பு இருக்கிறது, மனுஷன் சுவிற்சர்லாந்துக்காரன், வயலையும் குளத்தையும் வரியையும் பற்றி நுணுக்கமாக எழுதியிருக்கிறான். எங்கள் ஊர் வயலைப் பற்றி வாசிக்க எங்களுக்கே மொழிபெயர்ப்பாளர் தேவை. லெய்டன் பல்கலைக்கழகம் ஒரு காலத்தில் ஆசிய நாட்டு மாணவரைக் கூப்பிட்டுப் பழைய ஒல்லாந்து மொழியும் கையெழுத்தும் சொல்லிக் கொடுத்து ஆய்வு செய்ய வைத்தது, இலங்கையிலிருந்தும் போய்ப் படித்து வந்தார்கள், வரலாற்றாசிரியர் நிர்மால் தேவசிறியின் கலாநிதி ஆய்வு அங்கே செய்ததுதான். கிழக்கிலிருந்து இன்னும் நிறையப் பேர் போயிருக்க வேண்டும்.

பிராமி எழுத்தைப் பற்றியும் ஒரு சொல். கரடியனாறு குசலான்மலையில் பிராமிக் கல்வெட்டுகள் இருக்கின்றன, அம்பாறையில் ராஜகலையில் இருக்கின்றன. 2020இல் கிழக்கு மாகாணத் தொல்பொருளுக்கு ஜனாதிபதி செயலணி ஒன்று போட்டார்கள், தொடக்கத்தில் அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை, எங்கள் பக்கத்தில் எல்லாரும் கொதித்தோம், அது நியாயம். ஆனால் கொதித்தவர்களில் எத்தனை பேரால் அந்தக் கல்லில் உள்ளதை எழுத்துக்கூட்டி வாசிக்க முடியும்? மலையடிவாரத்தில் நின்று கோஷம் போட ஆள் இருக்கிறது, மேலே ஏறிக் கல்வெட்டைப் படியெடுக்க ஆளில்லை. பிராமி படிப்பது அவ்வளவு கஷ்டமும் இல்லை, எழுத்துகளை ஒரு விடுமுறைக்குள் பிடித்துவிடலாம், மொழிதான் நேரமெடுக்கும்.

முதுகலைமாணியைச் சுருக்கமாக முடிக்கிறேன், ஏனென்றால் அங்கே சுருக்கமாகத்தான் இருக்கிறது. முதல் பட்டம் இலவசம், மகாபொல உதவித்தொகை வேறு கிடைக்கும். இதற்குக் காசு கட்ட வேண்டும், கூட்டிப் பார்த்தால் லட்சத்தில் வரும். சனி ஞாயிறு வகுப்பு, வகுப்பில் பாதிப்பேர் சம்பள ஏற்றத்துக்காக வந்த ஆசிரியர்கள், நானும் அதில் ஒருத்தி, ஆகவே அவர்களைக் குறை சொல்லவில்லை. பாடம் என்று நடந்ததில் பெரும்பகுதி கலைமாணியில் கேட்டதே, கொஞ்சம் கோட்பாட்டுப் பெயர்களைத் தூவி. எடுப்பதென்றால் பாடநெறி மட்டும் உள்ள முதுகலைமாணியை விட்டு, ஆய்வும் சேர்ந்ததை எடுங்கள். பட்டங்களை மட்டம் பிரிக்கிற இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் முதலாவது 9ஆம் மட்டம், இரண்டாவது 10ஆம் மட்டம், முதுதத்துவமாணி (எம்.பில்.) 11, கலாநிதி 12. சிறப்புப் பட்டத்தில் நல்ல வகுப்பு இருந்தால் நேராக முதுதத்துவமாணிக்குப் பதிவு செய்து, வேலை நன்றாகப் போனால் அதைக் கலாநிதியாக மாற்றிக்கொள்ளலாமா என்று விண்ணப்பிக்கும் முன்னரே கேளுங்கள். நான் சேர்ந்த இடத்தில் இந்த வழியை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை, விதிமுறைப் புத்தகத்தின் பின்பக்கத்தில்தான் கிடந்தது.

கலாநிதி. மேற்பார்வையாளரைப் பற்றி மேலே சொன்னேன். எனக்கு முதலில் கிடைத்தவர் கெட்டவர் இல்லை, பெரிய மனுஷன், நாலு குழுவில் தலைவர், அதுதான் பிரச்சினை. ஒரு அத்தியாயத்தைக் கொடுத்தேன். பெருநாள் வந்தது, தீபாவளி வந்தது, நத்தார் வந்தது, பொங்கல் வந்தது. அத்தியாயம் திரும்பி வந்தபோது முதல் பக்கத்தில் "வரி இடைவெளியைச் சரிபார்க்கவும்" என்று பென்சிலால் எழுதியிருந்தது, அதற்குப் பிறகு எந்தப் பக்கத்திலும் ஒன்றுமில்லை. அடுத்தவர் நேர்மாறு. மூன்று வாரத்தில் தாள் சிவந்து போய் வரும், "இந்த வரிக்கு ஆதாரம் எங்கே, உங்கட மாமா சொன்னாரா?" என்று ஓரத்தில் எழுதியிருக்கும். அவமானமாக இருக்கும், ஆனால் வேலை நடக்கும். ஆகவே பதிவு செய்ய முன், அவரிடம் முடித்த பிள்ளைகளைத் தேடிப் பிடியுங்கள். அவர் எத்தனை நூல் எழுதினார் என்று கேட்காதீர்கள். அத்தியாயம் கொடுத்தால் எவ்வளவு நாளில் திரும்பி வரும் என்று மட்டும் கேளுங்கள். முடிக்காமல் விட்டவர் ஒருவரையும் தேடிப் பேசினால் இன்னும் நல்லது.

ஆவணக் காப்பகம் இல்லாமல் கலாநிதி இல்லை. கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் திணைக்களம். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆயிரக்கணக்கான தொகுதிகள் அங்கே இருக்கின்றன, ஆங்கிலேய அரசாங்க ஏஜென்டுமாரின் நாட்குறிப்புகளும் அங்கேதான். என் தலைப்பு 19ஆம் நூற்றாண்டுக் குளங்களும் வயல் வரியும். ஆளுநர் வார்ட் 1856இல் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் கொண்டுவந்தார், இறக்காமம் குளமும் அம்பாறைக் குளமும் அந்தக் காலத்தில் திருத்தப்பட்டவை. நாட்குறிப்பை வாசிக்கத் தொடங்கினால் நேரம் போவது தெரியாது: இன்ன குளக்கட்டைப் பார்க்கப் போனேன், இன்ன போடியார் (பெரிய வயல்காரர்) வந்து முறைப்பாடு சொன்னார், மாட்டு நோய், மழை பிந்திவிட்டது, ஆறு பெருகித் தபால் வரவில்லை. கையெழுத்துப் பழக ஒரு கிழமை ஆகும், பழகின பிறகு அந்தத் துரையோடு குதிரையில் கூடப் போவது மாதிரித்தான். கிழக்கில் ஏஜென்டாக இருந்த பர்ச் துரை பிறகு மலாயாவுக்குப் போய்ப் பேராக்கில் 1875இல் குத்திக் கொல்லப்பட்டார், மலேசியாவில் பள்ளிப் பிள்ளைக்கும் அவரைத் தெரியும், எங்கள் குளக்கட்டில் ஏறி நின்றவர் என்று இங்கே யாருக்கும் தெரியாது.

செலவு கொஞ்சநஞ்சம் இல்லை. சம்பளமில்லாத விடுமுறை, கொழும்பில் அறை, சாப்பாடு, இரவு ரயில். பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்தால் கற்கை விடுமுறையும் மானியமும் உண்டு, பாடசாலை ஆசிரியருக்கு அதெல்லாம் எட்டாக்கனி. பாடசாலை விடுமுறையில்தான் என் ஆய்வு பெரும்பாலும் நடக்கிறது. ஆங்கிலேயக் காலத்து ஆளுநர் கடிதங்களின் லண்டன் பிரதி கியூ தேசிய ஆவணக் காப்பகத்தில் சிஓ 54 என்ற வரிசையில் இருக்கிறது, போக வசதியில்லாவிட்டாலும் எண்ணைத் தெரிந்து வையுங்கள், மற்றவர் ஆய்வின் அடிக்குறிப்பில் அது வரும்போது அவர் என்ன பார்த்தார் என்று விளங்கும்.

கையில் காசில்லாத எங்களுக்கு உண்மையான பல்கலைக்கழகம் நூலகம் இணையத்தளம். 2005இலிருந்து இலங்கைத் தமிழ் நூல், சஞ்சிகை, பத்திரிகை, கோயில் மலர், பாடசாலை மலர் என்று வருடி வருடிப் போட்டிருக்கிறார்கள், ஒரு சதம் கொடுக்கத் தேவையில்லை. முக்கியமாகக் கோயில் மலர்களைப் பாருங்கள். பாதி புகழ்ச்சியும் விளம்பரமும்தான், ஆனால் நடுவில் ஏதோ ஒரு ஓய்வுபெற்ற அதிபர் பழைய வண்ணக்கர்மாரின் (கோயில் நிர்வாகிகளின்) பெயர்ப் பட்டியலைக் கொடுத்திருப்பார், அது வேறெங்கும் கிடைக்காது. இந்தத் தளத்துக்குப் பத்து நட்சத்திரம் போடலாம்.

எந்த மொழியில் எழுதுவது என்று கேட்பார்கள். நாலாம் வருடக் கட்டுரையைத் தமிழில் எழுதுங்கள், உறுதி காட்டின அம்மாவின் பேரப்பிள்ளை வாசிக்கட்டும். கலாநிதியை ஆங்கிலத்தில் எழுதுங்கள். தமிழில் எழுதினால் பரிசோதகர் கிடைப்பதே பாடு, இந்திரபாலா, அரசரத்தினம், பத்மநாதன் போன்ற எங்கள் வரலாற்றாசிரியர்களுடன் உலகம் வாதாடினது அவர்கள் ஆங்கிலத்திலும் எழுதியதால்தான். இதைச் சொன்னால் என்னோடு சண்டைக்கு வருகிற நண்பர்கள் இருக்கிறார்கள், வரட்டும்.

இனி மருமகளின் கேள்வி. வேலை கிடைக்குமா? 2017இல் மட்டக்களப்புக் காந்திப் பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் குந்தியிருந்தார்கள், கலைப்பட்டதாரிகள் அதில் நிறையப் பேர். பட்டத்தை நீட்டினதும் வேலை தருகிற காலம் போய்விட்டது. வரலாறு சாதாரண தரத்தில் கட்டாயப் பாடமாக இருந்து வந்ததால் ஆசிரியர் நியமனத்தில் கொஞ்சம் இடம் இருந்தது, அபிவிருத்தி உத்தியோகத்தர் நியமனத்தில் கொஞ்சப் பேர் போய்ப் பிரதேச செயலகத்தில் கோப்பு அடுக்குகிறார்கள், முதலாம் வகுப்பு எடுத்தவர்களில் ஓரிருவர் தற்காலிக உதவி விரிவுரையாளர், அந்தத் தற்காலிகம் எத்தனை வருடம் நீளும் என்று கேட்காதீர்கள். வேலைக்காக மட்டும் என்றால் வேறு பாடம் எடுங்கள், நான் கோபிக்க மாட்டேன். கதை கேட்கப் பிடிக்கும் என்பதற்காகவும் எடுக்க வேண்டாம், அதற்கு யூடியூப் இருக்கிறது. பிறத்தியாரின் பழைய கடதாசியைக் கண்டால் கை துறுதுறுக்கிற பிள்ளைக்கு மட்டும்தான் நான் எடு என்று சொல்வேன். மருமகள் அப்படியான ஆள்தான், சின்ன வயதில் எங்கள் வீட்டு அலுமாரியைக் கிளறி என் பழைய கடிதங்களை எல்லாம் வாசித்தவள்.

கொழும்புக் காப்பகத்துக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு மட்டும்: அடையாள அட்டை, பல்கலைக்கழகக் கடிதம், அதன் பிரதி ஒன்று கூடுதலாக, பென்சில் இரண்டு, மெல்லிய சுவெட்டர். இரவு ரயிலில் போனால் விடியக் கோட்டையில் இறங்கலாம், வெள்ளவத்தையில் தெரிந்தவர்கள் வீட்டில் முகம் கழுவிச் சாப்பிட்டுவிட்டுத் திறக்கிற நேரத்துக்கே போய் நில்லுங்கள். வேண்டிய தொகுதிகளின் எண்களை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள், அங்கே போய் அட்டவணையைப் புரட்டினால் அன்றைய பொழுது அதிலேயே போய்விடும்.